விரல் படாத நேரம்

சமையலறைச் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு பென்சில் செல் போட்டால் ஓராண்டுக்கு மேல் ஓடுகிறது. டிவி ரிமோட்டில் இரண்டு சின்ன செல்கள் இருக்கின்றன. அவற்றைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. அதே வீட்டின் கூடத்தில், விளக்கு, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கலாம் என்று ஆசையாக வாங்கி மாட்டிய கம்பியில்லாத் தொடுதிரை ஒன்றும் இருக்கிறது. அதன் பேட்டரி அந்தப் பென்சில் செல்லைவிடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் ஒன்றிரண்டு நாளில் திரை அணைந்துவிடுகிறது. ஒரு நாளில் முப்பது நாற்பது முறைதான் யாராவது அதைத் தொடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் அது சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் ஒரு பொருளுக்கு எதற்கு இத்தனை மின்சாரம்?

பழுது பார்க்க வருபவர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட்டரி வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார். மாற்றிய பிறகும் பெரிய வித்தியாசம் இருக்காது. பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், அது யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்போம்.

சுவரிலோ மேசையிலோ இருந்தபடி, வைஃபை போன்ற வானொலி அலைகள் வழியே வீட்டுக் கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் இந்தத் தொடுதிரையை இந்த அத்தியாயத்தில் 'தொடுபலகை' என்று அழைப்போம்.

கடிகாரத்தின் சிக்கனம்

முதலில் கடிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். உள்ளே ஒரு சின்னக் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் தற்செயலானது அல்ல. அதைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சரியாக 1 கிடைக்கும். ஒரு சின்னச் சில்லு அந்த வேலையைச் செய்து, நொடிக்கு ஒரு முறை மட்டும் ஒரு குட்டி மோட்டாருக்கு மின்துடிப்பு அனுப்புகிறது. முள் ஓர் அடி நகர்கிறது. பிறகு அடுத்த நொடி வரை மோட்டாருக்கு மின்சாரமே போவதில்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் சராசரியாக 0.15 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் செலவாகிறது. நல்ல ஆல்கலைன் பென்சில் செல் ஒன்றில் ஏறத்தாழ 2500 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். அதாவது, 1 மில்லிஆம்பியர் வீதம் எடுத்தால் 2500 மணி நேரம் தாங்கும். அதில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக மட்டும் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வரும். செல்லின் உள்ளேயே மெல்ல நடக்கும் இழப்பைக் கழித்தாலும் ஓராண்டுக்குக் குறையாது.

ரிமோட் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பொத்தானை அழுத்தினால்தான் அது விழிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஒரு சங்கேதத்தை அனுப்பிவிட்டு உடனே உறங்கிவிடுகிறது. டிவி என்ன பதில் சொல்லும் என்று அது காத்திருப்பதே இல்லை. பதிலுக்குக் காத்திராதது எவ்வளவு பெரிய சிக்கனம் என்பது போகப்போகத் தெரியும்.

சுவிட்சுக்குக் காத்திருக்கச் செலவில்லை

சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகத் துண்டுகள், நடுவே ஓர் இடைவெளி. நீங்கள் அழுத்தும்போது உலோகங்கள் சேர்கின்றன. ஐந்து வருடம் யாரும் தொடாவிட்டாலும் அது ஒரு துளி மின்சாரம்கூட எடுக்காது. விரலின் விசையே வேலையை முடித்துவிடுகிறது.

தொடுதிரையில் விரல் எதையும் நகர்த்துவதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சிறிதளவு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கின்றன. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் பக்கத்தில் வந்தாலே அந்தத் தேக்கத்தின் அளவு மிகச் சிறிதாக மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க, ஒரு சில்லு எல்லாக் கோடுகளையும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு அறுபது, நூறு முறை இந்தச் சுற்று நடக்கும். யாரும் அருகில் இல்லாத நள்ளிரவிலும் 'விரல் இருக்கிறதா, விரல் இருக்கிறதா' என்ற இந்தத் தேடல் நிற்காது. சுவிட்சுக்கும் தொடுதிரைக்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்.

இந்த நுட்பத்தை 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் ஆய்வு நிலையத்தில் ஈ.ஏ. ஜான்சன் விவரித்தார். 1970களில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பென்ட் ஸ்டும்பே, துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காக ஒளி ஊடுருவும் தொடுதிரையை வடிவமைத்தார். ஆயிரக்கணக்கான பொத்தான்களையும் குமிழ்களையும் சில திரைகளால் மாற்றிவிட முடியும் என்பதே அவர்கள் கண்ட பெரிய லாபம். அந்தத் திரைகள் எல்லாமே கம்பியில் இணைக்கப்பட்டவை. நிறுத்தாமல் தேடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியைப் பேட்டரியில் ஓட்டுவது பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

ஒரு தொடுபலகையின் ஒரு நாள்

இனி ஒரு கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். ஏழு அங்குலத் திரை கொண்ட ஒரு தொடுபலகையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் கருவிக்குக் கருவி மாறும். ஆனால் இந்த வகைக் கருவிகளில் நடப்பது ஏறத்தாழ இதுதான்.

அதன் லித்தியம் பேட்டரி 5000 மில்லிஆம்பியர்-மணி, 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 18.5 வாட்-மணி. ஒரு வாட் வீதம் செலவழித்தால் பதினெட்டரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். நம் கடிகாரத்தின் பென்சில் செல்லில் இருப்பது ஏறத்தாழ 3 வாட்-மணி. ஆக, தொடுபலகையின் கையிருப்பு கடிகாரத்தைப் போல ஆறு மடங்கு.

திரை ஒளிரும்போது செலவு என்ன? திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகளுக்கு 1.2 வாட். படம் வரைந்து காட்டும் செயலிக்கும் நினைவகத்துக்கும் 0.6 வாட். வைஃபை பகுதிக்கு 0.25 வாட். விரலைத் தேடும் சில்லுக்கு 0.03 வாட். மொத்தம் 2.1 வாட்டுக்குச் சற்றுக் கீழே. திரையை அணைக்காமலே விட்டால் ஒன்பது மணி நேரம்கூடத் தாங்காது. பெரும்பாலோர் இது தெரிந்து, தொட்ட அரை நிமிடத்தில் திரை அணையும்படி வைத்துவிடுகிறார்கள்.

நால்வர் இருக்கும் வீடு. ஒரு நாளில் 40 முறை தொடுகிறார்கள் என்று கொள்வோம். தொடுதலுக்கு அரை நிமிடம் என்றால் மொத்தமே 20 நிமிடம்தான் திரை எரிகிறது. அந்த 20 நிமிடச் செலவு 0.7 வாட்-மணி. இந்த வேகத்தில் போனால் பேட்டரி 26 நாள் வர வேண்டும்.

மீதி 23 மணி 40 நிமிடம் என்ன நடக்கிறது? திரை இருட்டு. ஆனால் வைஃபை அதே 0.25 வாட்டை எடுத்துக்கொண்டே இருக்கிறது. செயலி பாதி உறக்கத்தில் 0.15 வாட். விரல் தேடல் 0.03. கூட்டினால் 0.43 வாட். பார்ப்பதற்குச் சின்ன எண். அதை ஏறத்தாழ ஒரு முழு நாளுக்குப் பெருக்குங்கள்: 10.2 வாட்-மணி.

ஆக ஒரு நாள் மொத்தச் செலவு 10.9 வாட்-மணி. அதில் நீங்கள் தொட்டதற்கான பங்கு நூற்றுக்கு ஆறுக்குச் சற்று மேல். மிச்சம் 93க்கும் மேற்பட்ட பங்கு, யாரும் தொடாத நேரத்தில் கரைந்தது. 18.5 வாட்-மணி இப்படித்தான் 41 மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. கடிகாரத்தோடு ஒப்பிட்டால், காத்திருக்கும் தொடுபலகை அதைப்போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு வேகத்தில் மின்னாற்றலைச் செலவழிக்கிறது. கையிருப்போ ஆறு மடங்குதான்.

கேட்பதற்கு ஏன் இவ்வளவு?

வானொலியில் அனுப்புவதுதான் செலவு, கேட்பது இலவசம் என்று பலரும் நினைக்கிறார்கள். வைஃபை போன்ற அண்மைத் தொடர்பில் இது உண்மையல்ல. ஆர்வலர்கள் நிறையப் பயன்படுத்தும் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லின் தரவுத்தாளைப் பாருங்கள். அனுப்பும்போது 120 முதல் 170 மில்லிஆம்பியர். கேட்கும்போது 50 மில்லிஆம்பியரைத் தாண்டுகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் 0.02 மில்லிஆம்பியர். கேட்பதற்கும் உறங்குவதற்கும் இடையே இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

காரணம் இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து வரும் வைஃபை அலை, ஆன்டெனாவை அடையும்போது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும். அதைப் பெருக்கிக் கேட்கும்படி ஆக்க வேண்டும். நொடிக்கு 240 கோடி முறைக்கு மேல் அலையும் ஓர் அலையாக்கி உள்ளே ஓயாமல் ஓட வேண்டும். வருவது இரைச்சலா, செய்தியா என்று நொடிக்குப் பல கோடி மாதிரிகள் எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்தி எதுவும் வராவிட்டாலும் இந்த வேலை முழுவதும் நடந்தே ஆக வேண்டும். வந்தால்தானே தெரியும் வந்தது என்று!

வைஃபை வகுத்த பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஊரில் தபால்காரர் வரும் நேரம் தெரிந்தவர் நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார். அந்த நேரத்துக்கு மட்டும் வாசலுக்கு வந்து பார்ப்பார். அதுபோல ரவுட்டர், ஏறத்தாழ ஒரு நொடிக்குப் பத்து முறை, துல்லியமாக 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை, ஓர் அறிவிப்பு ஒலிபரப்புகிறது. யார் யாருக்குச் செய்தி காத்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். தொடுபலகை அந்த அறிவிப்பு வரும் நேரத்தில் மட்டும் சில மில்லிநொடி விழித்து, தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கலாம். நூற்றில் மூன்று பங்கு நேரம் விழித்தால் போதும். மூன்று அறிவிப்புகளுக்கு ஒரு முறை விழிக்கும்படி வைத்தால் ஒரு பங்குகூட வேண்டாம்.

இந்த ஏற்பாடு கிட்டத்தட்ட எல்லா வைஃபை சில்லிலும் உண்டு. அது உண்மையில் வேலை செய்கிறதா என்பது கருவியின் மென்பொருளைப் பொறுத்தது. பல தொடுபலகைகளில், 'கூடத்து விளக்கு எரிகிறதா?' என்று வீட்டு மையக் கணினியிடம் ஒவ்வொரு நொடியும் கேட்கும்படி நிரல் எழுதிவிடுகிறார்கள். எழுதுவதற்கு எளிது என்பதுதான் அதன் ஒரே நன்மை. விளக்கின் நிலை மாறும்போது மட்டும் மையக் கணினி தானாகச் சொல்லும்படி எழுதியிருந்தால், ஒரு நாளில் 86,400 கேள்விகள் மிச்சமாகும்.

வீடு மாறினால் பேட்டரியும் மாறும்

கடையில் காட்டும்போது மூன்று நாள் வந்த தொடுபலகை வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள்தான் வருகிறது என்பது பரவலான புகார். கடைக்காரர் பொய் சொன்னார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரே கருவி, ஒரே பேட்டரி. ஆனால் சுற்றுப்புறம் வேறு.

வீட்டு வைஃபையில் இருக்கும் டிவி, பிரிண்டர், கைப்பேசிகள் எல்லாம் 'நான் இங்கே இருக்கிறேன், யாராவது இருக்கிறீர்களா' என்று பொதுவாக அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. இவை எல்லோருக்குமான செய்திகள் என்பதால் உறங்கும் கருவியும் விழித்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிப் பார்த்த பிறகுதான் தனக்கு அது தேவையில்லை என்று தெரியும். கருவிகள் பெருகப் பெருகத் தொடுபலகையின் உறக்கம் துண்டு துண்டாகிறது.

இரண்டாவது, தொலைவு. அலை நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு செய்தி நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் போகிறது என்றால், மோசமான இடத்தில் வேகம் 1 மெகாபிட் வரை இறங்கும். அதே செய்தியை அனுப்ப 54 மடங்கு நேரம் வானொலி முழு மூச்சில் இயங்க வேண்டும். தொடர்பு அறுந்துவிட்டால் இன்னும் மோசம். ரவுட்டரைத் தேடி 13 அலைவரிசைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். கிடைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. பழைய சுவிட்ச் போர்டை எடுத்துவிட்டு, சுவருக்குள் பதித்த அதே ஜிஐ பெட்டியின் மேல் தொடுபலகையை மாட்டிவிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் தகரப் பெட்டி இருந்தால் ஆன்டெனா தன் இயல்பான அலைவரிசையிலிருந்து விலகும். ஒரு பக்கம் முழுக்க மறையும். பக்கத்தில் இரும்புக் கம்பிகள் நிறைந்த கான்கிரீட் தூண் இருந்தால் கேட்கவே வேண்டாம். பேட்டரி மாற்றுவதற்கு முன், பலகையைக் கழற்றி நாலைந்து அடி தள்ளி ஒரு மேசைமேல் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். பல வீடுகளில் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நன்றாகத் தூங்கவிட்டால் என்ன?

நம் கணக்குக்குத் திரும்புவோம். வைஃபை சரியாக உறங்கி உறங்கி விழித்தால் அதன் சராசரி 0.25 வாட்டிலிருந்து 0.03க்கு வரும். செயலியை ஆழ்ந்த உறக்கத்தில் வைத்தால் 0.02. விரலைத் தேடும் வேகத்தை நொடிக்குப் பத்து முறையாகக் குறைத்தால் 0.005. மொத்தம் 0.055 வாட். ஒரு நாள் காத்திருப்பின் செலவு 10.2 வாட்-மணியிலிருந்து 1.3 ஆகிறது. தொடுதலுக்கான 0.7ஐச் சேர்த்தால் 2. அதே பேட்டரி ஒன்பது நாளுக்கு மேல் வரும். உறக்கத்தைச் சரிசெய்யாமல் பேட்டரியை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கியிருந்தால் 41 மணி நேரம் 82 மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஏன் எல்லோரும் இப்படிச் செய்வதில்லை? விழிக்க நேரமாகும். ஆழ்ந்து உறங்கும் செயலி எழுந்து, திரையை வரைந்து, தேவைப்பட்டால் ரவுட்டரோடு மறுபடி கைகுலுக்கி, கட்டளையை அனுப்பி முடிக்க ஒன்றிரண்டு நொடி ஆகலாம். விளக்குக்காகக் காத்திருப்பவருக்கு இரண்டு நொடி என்பது நீண்ட நேரம். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் மில்லர் 1968லேயே இதை ஆராய்ந்தார். விசையை அழுத்துவதற்கும் விளைவு தெரிவதற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அவர் கண்ட எல்லை. அதைத் தாண்டினால் மனிதர்கள் மறுபடி அழுத்துகிறார்கள். இரண்டாவது அழுத்தல் முதலாவதை ரத்து செய்து, எரிந்த விளக்கு அணைகிறது. மாமியார், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் 'இதுக்கு அந்தப் பழைய சுவிட்சே தேவலை' என்கிறார்கள். அந்தப் புகாருக்குப் பயந்துதான் தயாரிப்பாளர்கள் கருவியை விழித்த நிலையிலேயே வைக்கிறார்கள். வேகத்தையும் பேட்டரி ஆயுளையும் எந்த இடத்தில் சமன்செய்வது என்பதில்தான் நல்ல தொடுபலகையும் மோசமான தொடுபலகையும் பிரிகின்றன. ஆள் நெருங்குவதை உணரும் சிறு உணரி ஒன்றை வைத்து, கை நீள்வதற்குள் செயலியை எழுப்பிவிடுவது எனக்குத் தெரிந்த நல்ல வழி. அந்த உணரிக்கு ஆகும் மின்செலவு மிக அற்பம்.

40 சதவீதம் காட்டிவிட்டு அணைவது ஏன்?

ஓரிரு ஆண்டு பழகிய தொடுபலகையில் இன்னொரு புதிர். பேட்டரி 40 சதவீதம் என்று காட்டும். தொட்டதும் பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி இயக்கினால் 40 சதவீதம் அப்படியே இருக்கும்.

பேட்டரியின் உள்ளே இருக்கும் மின்சாரம் வெளியே வருவதற்கு ஒரு தடை உண்டு. அதை 'உள்தடை' என்பார்கள். புதிய பேட்டரியில் அது மிகக் குறைவு. வயதாக ஆகக் கூடும். தொடுபலகை உறங்கும்போது மிகச் சிறிய மின்னோட்டமே தேவை என்பதால் உள்தடை தெரியவே தெரியாது. அப்போது அளந்தால் 3.7 வோல்ட் காட்டும். கருவியும் அதை வைத்து 40 சதவீதம் என்று கணிக்கும். நீங்கள் தொட்டதும் திரைவிளக்கு, செயலி, வைஃபை மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்து சட்டென்று 1 ஆம்பியர் கேட்கின்றன. உள்தடை அரை ஓம் என்றால் அரை வோல்ட் உள்ளேயே இழப்பாகிவிடும். வெளியே கிடைப்பது 3.2 வோல்ட். அந்த அளவுக்கு இறங்கினால் கருவி தன்னைப் பாதுகாத்துக்கொள்ள அணைந்துவிடும். அணைந்ததும் கேட்பவர் இல்லை. அழுத்தம் மறுபடி 3.7க்கு ஏறிக்கொள்கிறது.

கதவு உணரிகளிலும் கம்பியில்லாப் பொத்தான்களிலும் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் வடிவ செல்லுக்கும் இதே நிலைதான். மல்டிமீட்டரில் 3 வோல்ட் சரியாகக் காட்டும். உணரி வேலை செய்யாது. மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லும் அளவு. வானொலி கேட்கும் அளவுக்குச் சுமை கொடுத்து அளந்தால்தான் அதன் உண்மையான நிலை தெரியும்.

சார்ஜரிலேயே விட்டுவிட்டால்?

இத்தனை தொல்லை எதற்கு, ஒரு யுஎஸ்பி கம்பியை இழுத்துச் சார்ஜரிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். சில மாதம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் திரையின் ஓரம் சட்டத்திலிருந்து சற்று எழும்பியிருக்கும். கையால் அழுத்திப் பார்த்தால் பின்பக்கம் உப்பியிருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரியில் கிராஃபைட் அடுக்குகளாலான எதிர்முனையும், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடாலான நேர்முனையும் உண்டு. ஜான் குட்இனஃப் 1980இல் கோபால்ட் ஆக்சைடின் ஆற்றலைக் காட்டினார். 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, மின்பகுளி என்ற திரவத்தைக் கடந்து, கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன.

முழுமையாக நிரம்பிய நிலையில் இந்த அமைப்பு நிம்மதியாக இருப்பதில்லை. 4.2 வோல்ட் அழுத்தத்தில் மின்பகுளி மெல்ல மெல்லச் சிதைகிறது. அந்தச் சிதைவின் விளைவாகக் கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போய், லித்தியத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாகச் சிறைப்பிடிக்கிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. மெல்லிய அலுமினிய உறைக்குள் அடைபட்ட பேட்டரி உப்புவது இந்த வாயுவால்தான்.

வெப்பம் இதை விரட்டுகிறது. கோபால்ட் வகைப் பேட்டரிகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் 40 சதவீதச் சார்ஜில் ஓராண்டு வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரி என்றால், 40 சதவீதச் சார்ஜில் 85. முழுச் சார்ஜில் 65. மேற்கு வெயில் படும் சுவரில், காற்றுப் புகாத பெட்டிக்குள், சார்ஜரின் சூட்டோடு, எப்போதும் நிரம்பியபடி இருக்கும் பேட்டரி இந்தக் கணக்கின் கடைசி எண்ணில்தான் வாழ்கிறது.

உப்பிய பேட்டரியை அழுத்தித் திரையை மறுபடி மூடப் பார்க்காதீர்கள், குத்தவும் கூடாது. கம்பியைப் பிடுங்கி, கருவியை எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன.

கம்பியிலேயே இருக்கப்போகும் கருவி என்றால் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைக்கலாம். புதிய டேப்லெட்கள் பலவற்றில் அந்த வசதி வந்துவிட்டது. இல்லாதவற்றுக்கு ஆர்வலர்கள் அழகான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சார்ஜரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் செருகி, பேட்டரி 30க்கு இறங்கினால் பிளக் இயங்கும்படியும், 70ஐத் தொட்டால் அணையும்படியும் வீட்டுத் தானியக்கத்திலேயே எழுதிவிடுகிறார்கள். தொடுபலகையே தன் சார்ஜரை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. இருந்தாலும், சுவரை விட்டு ஒருபோதும் நகரப்போகாத பலகைக்குப் பேட்டரியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2003இல் வந்த ஒரு தரநிலைப்படி, இணையக் கம்பியிலேயே 15 வாட் வரை மின்சாரமும் அனுப்பலாம். நம் பலகைக்கு இரண்டு வாட்தான் வேண்டும். கரண்ட் போனால் வீட்டு இன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். சுவர் பூசுவதற்கு முன் ஒரு குழாய் அதிகமாகப் பதித்துவிட்டால் போதும்.

பேட்டரியே இல்லாத பொத்தான்

குழாய் பதிக்க வழியில்லாத வாடகை வீட்டுக்கு என்ன செய்வது? 2001இல் சீமென்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்து ஜெர்மனியில் தொடங்கிய என்ஓஷன் நிறுவனம், கம்பியும் பேட்டரியும் இல்லாத சுவர்ப் பொத்தானை உருவாக்கியது. உள்ளே ஒரு சின்னக் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. பொத்தானை அழுத்தும்போது காந்தப்புலம் சட்டென்று திசை மாறுகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட அதே விளைவு. ஓர் அழுத்தலில் கிடைப்பது 100 முதல் 200 மைக்ரோஜூல். நம் தொடுபலகை காத்திருக்கும்போது இந்த ஆற்றலை அரை மில்லிநொடிக்குள் தீர்த்துவிடும். பொத்தானோ அதை வைத்துக்கொண்டு ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரம் பிடிக்கும் ஒரு குட்டிச் செய்தியை மூன்று முறை அனுப்பிவிடுகிறது. வழியில் ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்பதற்காக மூன்று.

அனுப்பியதோடு அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். விளக்கு எரிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதனிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் அதில் திரை கிடையாது. அறையின் வெப்பநிலையோ, மாடி விளக்கின் நிலையோ அதில் காட்ட முடியாது. விளக்கு, விசிறிக்கு இப்படிப்பட்ட பொத்தான்களை ஒட்டிவிட்டு, பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுக்கு மட்டும் மின்கம்பியுள்ள ஒரே ஒரு பலகையை நுழைவாயில் அருகே வைப்பது இன்றைய நிலையில் வாடகை வீட்டுக்கும் பொருந்தும் ஏற்பாடு.